டீச்சரம்மாவிடம் கேளுங்கள்: எந்த வகுப்புக்கு எந்தச் சான்றிதழ்?

போன இதழில், "டீச்சர் வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். உச்சிப்புளி போஸ்ட்மேன் தினமும் ஒரு கட்டுக் கடிதத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, "டீச்சர், நீங்க ரிட்டையர் ஆனதே எனக்குச் சந்தேகமா இருக்கு" என்கிறார். முப்பத்தைந்து வருடம் கடற்கரைப் பள்ளிக்கூடங்களிலேயே ஓட்டி 2023-இல் வீட்டுக்கு வந்தவள் நான். சரி, எல்லோருக்கும் பதில் எழுத முடியாது. ஒரே கேள்வி பத்துப் பேரிடமிருந்து வந்திருந்தால், அதில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத்தான் ஆசை. அப்பா விசைப்படகில் டிரைவர். "டிகிரி முடிச்சு பி.எட். படிச்சா எல்லா வகுப்புக்கும் போகலாம், சின்னப் பயிற்சி எதுக்கு" என்கிறார். எது சரி டீச்சர்?
— மாணவி, தங்கச்சிமடம்

அப்பா எங்கேயோ சரியாகத்தான் கேட்டிருக்கிறார், ஆனால் பழைய சேதி. 2018 ஜூனில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், பி.எட். படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கலாம், வேலையில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்று ஓர் அறிவிப்பு விட்டது. 2023 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித் தருவது தனி வித்தை, பி.எட். அதற்கான படிப்பு இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாரம்மா. அவ்வளவு பெரிய விசைப்படகை ஓட்டுகிறவர், நாளைக்குக் காலையில் ஒரு வத்தையை, சின்ன நாட்டுப் படகை, எடுத்துக்கொண்டு கரையோரப் பாறைத் திட்டான பாருக்குள் நுழைந்து சேதமில்லாமல் வெளியே வந்துவிடுவாரா? அதற்கென்று இருக்கிற ஆளைத்தானே கூப்பிடுவார்? ஒன்றாம் வகுப்பும் அப்படித்தான். 'அ' எழுதும்போது பென்சிலைக் கட்டைவிரலுக்குள் மடக்கிப் பிடித்திருக்கிற பிள்ளையை அதட்டாமல் திருத்த எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

ஆகவே உனக்கான வழி, தொடக்கக் கல்வி பட்டயப் பயிற்சி. டி.எல்.எட். என்பார்கள், பழைய ஆட்களுக்கு ஆசிரியர் பயிற்சி. இரண்டு வருடம். பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குத் தளர்வு உண்டு. நம் ராமநாதபுரம் மாவட்டத்து அரசு நிறுவனம் பரமக்குடிப் பக்கம் மஞ்சூரில் இருக்கிறது. ராமேசுவரம் தீவிலிருந்து தினம் போய்வருகிற தூரம் இல்லை, தங்குகிற ஏற்பாட்டை இப்போதே யோசி. பயிற்சி முடித்ததும் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், முதல் தாள். குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதி, பகுதிக்கு முப்பது, மொத்தம் 150 மார்க். பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. மற்றவர்களுக்கான தளர்வை அந்தந்த வருட அறிவிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும். டெட் தேறினால் அந்தச் சான்று ஆயுளுக்கும் செல்லும். முன்பு ஏழு வருடம்தான் என்று இருந்ததை 2021-இல் மாற்றிவிட்டார்கள்.

இதோடு வேலை வந்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். டெட் என்பது பந்தியில் உட்கார இடம் மட்டும்தான். இலையில் சோறு விழ டி.ஆர்.பி., அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம், நடத்துகிற போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். இடைநிலை ஆசிரியர்களுக்கு, அதாவது ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவர்களுக்கு, அந்தத் தேர்வு 2024 ஜூலை 21-இல் நடந்தது. நான் 1988-இல் வேலைக்கு வந்தபோது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு கார்டு வருகிற வரை காத்திருந்தால் போதும். இப்போது காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. பயிற்சி முடித்த கையோடு ஒரு டிகிரியையும் தொடங்கிவிடு. அப்பாவுக்கும் மனசு ஆறும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் எஸ்.எம்.சி., அதாவது பள்ளி மேலாண்மைக் குழு, மூலம் தற்காலிக ஆசிரியராக வரச் சொல்கிறார்கள். பி.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறேன், டெட் எழுதவில்லை. இதில் சேர்ந்தால் பின்னால் நிரந்தரம் ஆகுமா?
— வாசகர், சாயல்குடி

ஆகாது தம்பி. எதிர்பார்த்துக்கொண்டு போகாதீர்கள். 2022-இல் மாநிலம் முழுக்க 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நிரப்பச் சொன்னபோது இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய் என்று வைத்தார்கள். அப்புறம் அது 12,000, 15,000, 18,000 ஆனது. ரெகுலர் ஆள் மாறுதலிலோ நியமனத்திலோ வந்துவிட்டால் அன்றைக்கே உங்கள் நாற்காலி போய்விடும். டெட் தேறியவர் ஒருவர் விண்ணப்பித்தால் அவருக்குத்தான் முதல் இடம், அதனால் இந்த வருடமே உங்களுக்குக் கிடைக்குமா என்பதே கேள்வி.

கிடைத்தால் போங்கள். வகுப்பில் நின்று பழகியவருக்கும் கோச்சிங் சென்டர் பெஞ்சில் மட்டும் உட்கார்ந்தவருக்கும் குழந்தை வளர்ச்சிப் பகுதியில் வித்தியாசம் தெரியும். ஆனால் சேருகிற அன்றைக்கே எழுத்து மூலம் ஆணை வாங்குங்கள், விலகும்போது பணிச் சான்று வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்கு, நம்ம பள்ளிக்கூடம்தானே" என்று எச்.எம். சிரித்தால் நீங்களும் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக்கொண்டு நில்லுங்கள்.

பி.எட். இரண்டாம் வருடம். கடற்கரை நடுநிலைப்பள்ளி ஒன்றுக்கு டீச்சிங் பிராக்டிஸ் வந்திருக்கிறேன். கணக்கு டீச்சர் மெடிக்கல் லீவ் போட்டுவிட்டதால் ஏழாம் வகுப்பு முழுதும் என் தலையில். பிள்ளைகள் என்னை "ட்ரெயினிங் டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒருவன் "நீங்க எப்ப போவீங்க" என்று கேட்டுவிட்டான். அழுகையே வந்துவிட்டது. நான் டீச்சரா, இல்லையா?
— பெயர் வேண்டாம், கீழக்கரை

சட்டப்படி, இன்னும் இல்லை. 2014 விதிமுறைக்குப் பிறகு பி.எட். இரண்டு வருடப் படிப்பு ஆனபோது பள்ளியில் இருக்க வேண்டிய காலத்தை இருபது வாரம் ஆக்கினார்கள். முதல் வருடம் நான்கு, இரண்டாம் வருடம் பதினாறு. அந்தப் பதினாறு வாரத்தில்தான் நீ இருக்கிறாய். நீ கற்றுக்கொள்ள வந்தவள், அந்த வகுப்புக்குப் பொறுப்பு பள்ளியினுடையது. லீவில் போன டீச்சருக்குப் பதில் இன்னொரு ஆசிரியரை வகுப்புக்குப் பொறுப்பாகப் போடச் சொல்லி எச்.எம்.மிடம் பணிவாகக் கேள். மார்க் ரிஜிஸ்டரில் நீ தனியாகக் கையெழுத்துப் போடாதே. கல்லூரியிலிருந்து வருகிற மேற்பார்வையாளரிடமும் நடப்பதைச் சொல்லிவிடு. புகார் மாதிரி வேண்டாம், தகவல் மாதிரி சொல்.

இனி உன் அழுகைக்கு வருவோம். வருடத்துக்கு இரண்டு டீச்சர் மாறுதலில் போவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அவை. "எப்ப போவீங்க" என்றால் "போயிடாதீங்க" என்று அர்த்தம். எங்கள் பக்கத்துப் பையன்கள் அதை வேறு எப்படியும் கேட்க மாட்டார்கள்.

பல வருடத்துக்கு முன்னால் என் பள்ளிக்கு உன்னை மாதிரி ஒருத்தி வந்தாள். வகுத்தல் பாடம். நோட்ஸ் ஆஃப் லெசன் முத்து முத்தாக எழுதி, சார்ட்டில் சிவப்பாக ஆப்பிள் வரைந்து வந்திருந்தாள். "ஐம்பது ஆப்பிளை ஆறு பேருக்குச் சமமாகப் பிரித்தால்?" வகுப்பு கம்மென்று இருந்தது. ஐம்பது ஆப்பிளை ஒன்றாக எங்கள் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? நான் கடைசி பெஞ்சில் கையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருக்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள், நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.

அப்போது ஒரு பையன் எழுந்தான். அவன் அம்மா கரையில் மீன் வாங்கி ரோட்டோரம் விற்கிறவர். "டீச்சர், ஆறு கூறு வைக்கணுமா?" என்றான்.

அந்தப் பெண் ஒரு நிமிடம் யோசித்தாள். சார்ட்டைச் சுருட்டி மேஜைக்கு அடியில் போட்டாள். "வந்து வச்சுக் காட்டு" என்றாள். மூலையில் பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டை டப்பாவிலிருந்து ஐம்பதை எண்ணி எடுத்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை ஓட்டிக்கொண்டே, அவன் அம்மா கை போகிற அதே வேகத்தில் ஆறு குவியல். ஒவ்வொன்றிலும் எட்டு. உள்ளங்கையில் இரண்டு மிச்சம்.

"இந்த ரெண்டு?"

"அது கொசுறு டீச்சர். முதல்ல வாங்குற ஆளுக்கு."

வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். போர்டில் ஈவு என்ற இடத்தில் கூறு என்றும், மீதி என்ற இடத்தில் கொசுறு என்றும் எழுதினாள். அப்புறம் பாடப் புத்தகச் சொல்லைப் பக்கத்திலேயே எழுதினாள். அதற்கப்புறம் ஒரு முன்வரிசைப் பெண் கேட்டாளே ஒரு கேள்வி: "கொசுறு ஆறுக்கு மேல வந்தா, டீச்சர்?" ஆறு வந்தால் இன்னும் ஒரு மீன் ஒவ்வொரு கூறுக்கும் போய்விடுமே! வகுக்கும் எண்ணைவிட மீதி எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும் என்ற விதியை அந்தப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். நான் பதினைந்து வருடமாக அதை மனப்பாடம் பண்ண வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேற்பார்வைக்கு வந்தவர், பாடக் குறிப்பில் ஆப்பிள் இருக்கிறது, வகுப்பில் புளியங்கொட்டை எங்கிருந்து வந்தது என்று மார்க்கைக் குறைக்கப் பார்த்தார். "நான்தான் மாற்றச் சொன்னேன்" என்று பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவளும் அன்றைக்கு ட்ரெயினிங் டீச்சர்தான்.

என் மகள் எம்.எஸ்சி. கணக்கு, பி.எட். கல்யாணமாகி கலிபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே அரசுப் பள்ளியில் "இன்டர்ன் டீச்சர்" என்று வேலை உண்டாம், சம்பளமும் தருவார்களாம். நம் படிப்பு அங்கே செல்லுமா? இன்டர்ன் என்றால் நம் ஊர் மாதிரி பயிற்சிதானே, அதற்கு எதற்குச் சம்பளம்?
— ஒரு தாய், பெரியபட்டினம்

லாத்தா, பெயர்தான் ஒன்று, சங்கதி வேறு. நம் கீழக்கரைப் பிள்ளை சம்பளம் இல்லாமல், இன்னொருவர் பொறுப்பில் இருக்கிற வகுப்பில் பழகுகிறாள். கலிபோர்னியாவில் இன்டர்ன் என்றால் வகுப்பே அவர் பொறுப்பு. முழு ஆசிரியருக்கான வேலை, சம்பளம். ஆசிரியர் பயிற்சியை மட்டும் சாயங்காலத்திலும் விடுமுறையிலும் படித்து முடித்துக்கொள்ள வேண்டும். என் பழைய மாணவி ஒருத்தி அங்கே இந்த வழியில்தான் நுழைந்தாள், அவள் போனில் சொல்லிச் சொல்லி எனக்கே பாடமாகிவிட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அங்கே 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்றால் கலெக்டர் இருக்கிற மாவட்டம் இல்லை. பள்ளிகளை நடத்துவதற்கென்றே எல்லை பிரித்து, தேர்தலில் ஜெயித்த வாரியம் ஒன்று நிர்வாகம் பண்ணும். வேலை கொடுப்பது அது. ஆனால் பாடம் நடத்த உரிமம் கொடுப்பது சாக்ரமெண்டோவில் இருக்கிற மாநில ஆசிரியர் தகுதிச் சான்று ஆணையம். நடுவில் ஆணையம் அங்கீகரித்த ஒரு பயிற்சித் திட்டம் இருக்க வேண்டும். அதைப் பல்கலைக்கழகமும் நடத்தலாம், சில இடத்தில் டிஸ்ட்ரிக்டே நடத்தும். மூன்றும் ஒன்றுசேர்ந்தால்தான் இன்டர்ன் சான்று.

அதற்குக் கேட்பவை: பட்டப்படிப்பு. எடுக்கப்போகிற பாடத்தில் புலமை உண்டு என்பதற்கு ஆதாரம், அது தேர்வாகவும் இருக்கலாம், படித்த பாடங்களாகவும் இருக்கலாம். அமெரிக்க அரசியல் சட்டம் பற்றி ஒரு பாடமோ தேர்வோ. வகுப்பில் காலை வைக்கும் முன்பே 120 மணி நேர முன்பயிற்சி. கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணி இல்லை என்ற சோதனை. கடைசியாக, வேலை தருகிறோம் என்று டிஸ்ட்ரிக்ட் சொல்ல வேண்டும். சான்று பொதுவாக இரண்டு வருடம் செல்லும். அந்தக் காலத்தில் ஆளை அப்படியே கடலில் தள்ளிவிட மாட்டார்கள். வருடத்துக்கு 144 மணி நேரம் அனுபவசாலி ஆசிரியரின் துணையும் மேற்பார்வையும் தர வேண்டும் என்று விதி. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதற்காக இன்னும் 45 மணி நேரம். இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. நான் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த துணை, ஒரு சாக்பீஸ் டப்பாவும் "பசங்க கல்லெறிவாங்க, பார்த்துக்குங்க" என்ற ஒரு வரியும்.

இத்தனையும் சொல்லிவிட்டு முக்கியமான ஒன்று: உங்கள் மகளுக்கு இன்டர்ன் வழியே தேவைப்படாமல் போகலாம். இன்டர்ன் என்பது ஆசிரியர் பயிற்சி முடிக்காதவர்களுக்கான கதவு. அவள்தான் பி.எட். முடித்திருக்கிறாளே! வெளிநாட்டில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் நேரடியாக அடுத்த படியான ஐந்து வருட முதல்நிலைச் சான்றுக்கு விண்ணப்பிக்கத் தனி வழி இருக்கிறது. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு வழிக்கும் வாசல்படி ஒன்றுதான், படிப்பை மதிப்பிடுவது. ஆணையம் அங்கீகரித்த நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, பாடம் பாடமாக மதிப்பீடு வாங்க வேண்டும். இடறுகிற கல் இங்கேதான். நம் பி.எஸ்சி. மூன்று வருடம், அவர்கள் பட்டம் நான்கு வருடம். மூன்று வருடப் படிப்பைத் தனியாக வைத்தால் சில நிறுவனங்கள் முழுப் பட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் எம்.எஸ்சி.யையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் விசா. மாப்பிள்ளை எச்1-பி என்ற வேலை விசாவில் இருந்து, அவள் துணைக்கான எச்-4 விசாவில் போயிருந்தால், வேலை அனுமதி அட்டை கையில் வராமல் சம்பள வேலை எதுவும் கூடாது. இதில் அவசரப்பட வேண்டாம்.

ஊரிலிருந்து நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. மார்க் ஷீட் ஜெராக்ஸ் அங்கே எடுபடாது. பல்கலைக்கழகமே முத்திரை வைத்து அனுப்புகிற டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். பி.எட்.டுக்குச் சென்னையில் இருக்கிற தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், மற்றதற்கு அவள் படித்த பல்கலைக்கழகம். கூடவே பி.எட். கல்லூரியில், எத்தனை வாரம் எந்தெந்த வகுப்புக்கு டீச்சிங் பிராக்டிஸ் செய்தாள் என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். பழைய பிரின்சிபால் மாறுவதற்குள் போனால் நல்லது. நான் சொன்னது கலிபோர்னியாவுக்கு மட்டும், மாநிலம் மாறினால் சட்டமும் மாறும்.

உதவி பெறும் நடுநிலைப்பள்ளியில் வேலை. வயது 48. டெட் இல்லாமல் சேர்ந்தவன். டெட் கட்டாயம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்னைத் தொடுமா?
— ஆசிரியர், தொண்டி

தொடும் சார். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதித் தீர்ப்புப்படி, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும். ஐந்துக்குள் இருப்பவர்கள் அப்படியே தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. உங்களுக்குப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. உங்கள் பள்ளி சிறுபான்மை நிறுவனம் என்றால், அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு விட்டிருக்கிறார்கள். அதை நம்பிப் புத்தகத்தை மூடி வைக்காதீர்கள். இருபது வருடம் பாடம் எடுத்தவரைப் பரீட்சை எழுது என்பது நியாயமா என்று கேட்டால், எனக்கும் மனசு ஒப்பவில்லை. ஆனாலும் விண்ணப்பத்தைப் போடுங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், பட்டயத்தில் இரண்டு இனிஷியல். பிரச்சினை வருமா?
— வாசகி, தேவிபட்டினம்

வரும். எனக்கே வந்தது. பள்ளியில் அப்பா பெயர் முதலெழுத்து மட்டும். பயிற்சியில் யாரோ ஒரு கிளார்க் ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார், எனக்கும் அது அழகாகத் தெரிந்தது. வேலையில் சேர்ந்தபின் சான்றிதழ்களின் உண்மைத்தன்மை கேட்டு அனுப்பியபோது, இரண்டும் ஒரே ஆள்தானா என்று ஃபைல் திரும்பி வந்தது. நான்கு மாதம் சம்பளம் இல்லை. அம்மாவின் ஒரு ஜோடித் தோடு அடகுக்குப் போனது. அந்த அலுவலகத்தின் மரப்படி எத்தனை என்று இன்றும் எண்ணாமல் சொல்வேன், பதினேழு.

நீங்கள் இப்போதே திருத்திவிடுங்கள். தப்பு எந்தச் சான்றிதழில் இருக்கிறதோ, அதைக் கொடுத்த பள்ளி அல்லது நிறுவனத்தின் தலைமை வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். பெயரையே மாற்றிக்கொண்டவர் என்றால் அரசிதழில் வெளியிட வேண்டும். அதுவரை டெட், டி.ஆர்.பி. எதுவானாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஒரு புள்ளி கூட மாறாமல் எழுதுங்கள். கல்யாணத்துக்கு அப்புறம் கணவர் இனிஷியல் போட்டுக்கொள்ள ஆசை இருந்தால், ரேஷன் கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.